அட்டைப்பெட்டி ஏடிஎம்

அத்தை இப்போது பெரிய நிதி நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். வாரக் கடைசியில் ஒரு கல்லூரியில் வகுப்பும் எடுக்கிறார். அவர் மேடையில் பேசும் வீடியோக்களை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றிலும் எதிரே கோட்டு போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கோ அத்தை பாடம் நடத்துவதென்றால் ஒரு டிவி பெட்டியின் அட்டையும், அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும்தான் ஞாபகத்துக்கு வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்களுக்குக் கொல்லங்கோடு பக்கம் நெல் விவசாயம். அப்பாவின் தங்கையான அத்தை வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிளைக்கு மேனேஜராகப் போயிருந்தார். மாமா வயலைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். இதற்குமேல் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்துவிடும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அத்தை எழுதிக் கொடுக்கிற வழியாக இல்லை. பிள்ளையில்லாத அவருக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். ஆகவே, அந்த முழுப்பரீட்சை லீவில் என்னை மலைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

“அத்தகிட்ட தெனமும் கேக்கோணும் கண்ணு, எப்ப ஊருக்கு வருவீங்கன்னு,” என்று அப்பா பஸ் ஏற்றும்போது சொல்லிக்கொடுத்தார்.

போன அன்றைக்கே கேட்டேன். “வரலாங் கண்ணு” என்று அத்தை என் தலையைத் தடவினார். அடுத்த நாள் கேட்க மறந்துவிட்டேன். கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே மேகம் வருகிற ஊரில் எனக்கு வேறு வேலைகள் இருந்தன.

தேயிலைத் தோட்டத்தில் அதுவரை கையில் கொடுத்துவந்த சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடத் தொடங்கியிருந்த நேரம் அது. கடைவீதியில் புதிதாக ஒரு ஏடிஎம் வந்திருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தொடவே பயந்தார்கள். கார்டையும் ரகசிய எண்ணையும் புருஷனிடமோ கடைக்காரரிடமோ கொடுத்துவிட்டு, அவர்கள் கொண்டுவந்து தருவதை வாங்கிக்கொண்டார்கள். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்குப் பக்கத்தில் இருந்த கூடத்தில் அவர்களுக்கு வகுப்பு எடுத்தார். கரும்பலகையில் படம் வரைந்து சொன்னால் தலையாட்டினார்கள். மறுநாள் கார்டு பழையபடி கடைக்காரர் கைக்குப் போனது. அப்புறம்தான் அத்தை அந்த டிவி அட்டைப்பெட்டியைக் கண்டுபிடித்தார்.

பெட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் எண்களை வரைந்தார். கார்டு போக ஒரு கீறல், பணம் வர ஒரு கீறல். வெளியே நான்கு முறை தட்டும் சத்தம் கேட்டால் உள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை நீட்ட வேண்டியது என் வேலை. “யாராச்சும் நம்பர வாய்விட்டுச் சொன்னாங்கன்னா ஒன்னுமே குடுக்கப்படாது. நீ பேசவும் படாது,” என்றார் அத்தை.

முதல் தட்டிலேயே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. “ஆத்தாடி, மெசினுக்குள்ள யாரோ தும்முதாக!” என்று ஒருத்தி பின்னால் பாய, கூடமே சிரித்தது. சிரித்ததில் பயம் போய்விட்டது. ஒவ்வொருவராக வந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறுகையால் தட்டினார்கள். கீறல் வழியாக எனக்கு விரல்கள் மட்டுமே தெரிந்தன. எல்லா விரல்களிலும் தேயிலைக் கறை.

அப்போது வெளியே ஜீப் வந்து நின்றது. அத்தையின் மேலதிகாரி எர்ணாகுளத்திலிருந்து சொல்லாமல் வந்திருந்தார். கூடம் அடங்கிப்போயிற்று. அவர் பெட்டியைச் சுற்றி வந்தார். பிறகு விளையாட்டாக ஒரு கார்டைச் செருகி, “எனிக்கும் ஒரு ஆயிரம் வேணுமல்லோ” என்றார். தட்டுவதற்குப் பதிலாக, “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று உரக்கச் சொன்னார்.

நான் தாளை நீட்டவில்லை. அவர் பெட்டியை ஆட்டிவிட்டு மறுபடியும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நம்பரச் சத்தமாச் சொன்னா வராதுங்க!” என்று உள்ளிருந்து கத்தினேன்.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி, “மெசினு சரியாத்தானே சார் சொல்லுது!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரித்தாரா என்று கீறல் வழியாகத் தெரியவில்லை. அத்தையை வெளியே கூப்பிட்டு, ஜீப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார். என்னால் அத்தைக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அன்று சாயங்காலம் முழுவதும் அத்தை சன்னலோரமே நின்றுகொண்டிருந்ததால் அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

லீவு முடிந்து என்னை அழைத்துப்போக மாமா வந்தார். அத்தை ஊருக்கு வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் அவர் வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். அதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே டீயைக் குடித்தார்.

“ஏனுங்க, பதவி உயர்வு குடுத்து, ஆபீசருங்களுக்கு டிரெய்னிங் குடுக்கற காலேஜுல பாடம் நடத்தக் கூப்புடறாங்க,” என்றார் அத்தை. “பம்பாயிக்கு.”

“எத்தன வருசத்துக்கு?”

“தெரியலீங்க. நீங்க வேண்டாம்னா எழுதிக் குடுத்தர்றேன்.”

மாமா டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். வேலை போகவில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரே குதூகலம்.

“உனக்குப் போகோணும்னு இருக்குதா?” என்று கேட்டார் மாமா.

அத்தையின் முகத்தைப் பார்த்தபோது எனக்கே பதில் தெரிந்தது.

“அப்பறம் என்ன, போ அம்மிணி,” என்றார் மாமா. “ஊட்டுச் சாவி ஒன்னு உன்றகிட்டயே இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு பல வருஷங்கள் மாமா மாதம் ஒருமுறை ரயிலேறிப் பம்பாய் போய்வந்தார். வயலையும் விடவில்லை, அத்தையைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியும் நான் கேட்டதில்லை.

நாங்கள் கிளம்பும்போது, மலைப்பாதையில் எனக்கு வாந்தி வருமென்று அத்தை ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். எப்போதும் ஊர்க்கதை பேசிக்கொண்டே வரும் மாமா, அன்று சன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தார். மறையூர் தாண்டியபோது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“வாந்தி வருதுங்களா மாமா?” என்றேன்.

ஆமாம் என்று தலையாட்டினார். நான் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். அதை மூக்கில் வைத்துக்கொண்டு மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். உடுமலை வந்து, பஸ் சமவெளியில் ஓடத் தொடங்கியும் அவர் பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. வளைவுகள் எல்லாம் முடிந்த பிறகும் இவருக்கு ஏன் தலைசுற்றல் நிற்கவில்லை என்று யோசித்தபடியே நான் தூங்கிப்போனேன்.