கார்னரில் நிற்பவனின் சம்பளம்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கபடி அணிக்கு ஆடினேன். லைனில் நிற்பதற்கு ஒரு சம்பளம், ஆடுவதற்குத் தனியாக ஒரு பணம். எவனுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு சீசனும் டீம் மேனேஜர்தான் முடிவு செய்வார். என் வீட்டு வாடகை அந்தப் பணத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் லெஃப்ட் கார்னர். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. எந்த மேட்சிலும் இரண்டு மூன்று பேரையாவது பிடித்து வெளியே அனுப்பிவிடுவேன். எதிரணிப் பக்கம் பாடிப் போகிற எங்கள் ரெய்டர் அப்படியில்லை. பல மேட்சில் வெறுங்கையோடு திரும்புவான். திடீரென்று ஒரு நாள் சாமி வந்தவன் மாதிரி ஆடுவான். வடக்குப்பட்டு மேட்சில் ஒரே ரெய்டில் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். அவன் தொடையைத் தட்டினாலே மைக்கில் யாராவது பரிசு அறிவிப்பார்கள். பிடிக்கிறவனுக்கு ஒரு சோடாகூட வராது.

சீசன் முடிந்ததும் அவனுக்குப் பணம் ஏறியது. எனக்குப் பழையதே. பொறுக்காமல் போய்க் கேட்டேன்.

"நீ எப்பவும் ஆடுறதைத்தானே ஆடிகினு கீறே? புச்சா இன்னா பண்ணிட்டே?" என்றார் மேனேஜர்.

எப்போதும் ஆடுவதுதானய்யா கஷ்டம்! இந்த மனுஷனுக்கு எப்படிப் புரிய வைப்பது? தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி தினமும் உடையாமல் இருப்பதையும் அவர் கவனித்திருக்க மாட்டார்.

அடுத்த சீசனில் மண்ணூர் மேட்ச். லைனில் ஆள் வரவில்லை என்று சூப்பர்வைசர் என்னை ஓ.டி.யில் நிறுத்திவிட்டார். இரண்டு ஷிப்டும் முடிந்து நேராகக் களத்துக்குப் போனேன். கண் எரிந்தது. என் பிடியெல்லாம் நழுவி, தோற்றோம். ரெய்டரும் அன்றைக்கு ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

சீசன் முடிவில் மேனேஜர் என் பணத்தைக் குறைத்தார்.

"உன்கிட்ட கன்சிஸ்டன்சி போச்சுப்பா. அதுக்காகத்தானே உன்னை டீம்ல வச்சிகினு கீறோம்?"

"அப்ப ரெய்டருக்கு சார்?"

"அவனுக்கு ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஆட்டம்னா அப்டித்தான்."

வாடகையை நினைத்து, குறைத்த பணத்துக்கே கையெழுத்துப் போட்டேன். அடுத்த மேட்சில் வழக்கம்போல மூன்று பேரைப் பிடித்தேன். மேனேஜர் ஓடிவந்து முதுகில் தட்டினார்.

"இதான்பா நீ!"

சமயம் பார்த்து, "அப்ப பழைய பணத்தையாவது போட்டுக் குடுங்க சார்" என்றேன்.

"இன்னாத்துக்கு? எப்பவும் ஆடுறதைத்தானே ஆடினே?" என்றார்.