புழு மேல் போட்ட பழி

பதினான்கு வருடமாக ஏஞ்சலினின் வேலை கழிவுநீரைப் பார்ப்பது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனி. அதன் பின்பக்கத்தில், கழிவுநீர்த் தொட்டிகளை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் அவளுடைய லேப். பொன்னேரியிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியதும், காற்று ஊதிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுக் கலங்கலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பாள். மணி போன்ற உடம்பைக் காம்பின் மேல் தூக்கிக்கொண்டு ஆடும் நுண்ணுயிர்கள் நிறைய தெரிந்தால் தொட்டி நலம். அவை தெரியாவிட்டால், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அவள் நம்பமாட்டாள்.

படிப்பு டிப்ளமோ. அம்மா கூலிக்கு நாற்று நட்டவள். கம்பெனியில் அவளிடம் கையெழுத்து வாங்குவார்கள்; கருத்துக் கேட்கமாட்டார்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரப்போகிறார்கள் என்று முன் அலுவலகத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர் மீன்தொட்டி வந்து உட்கார்ந்தது. சென்னையிலிருந்து ஸ்டீவன் என்கிற கடைக்காரர் வந்து அமைத்தார். உப்பைக் கரைத்தார். தன் பண்ணையில் ஒரு வருடம் கடல்நீரில் ஊறிய சிமெண்டுக் கற்களை அடுக்கினார். மூன்று மீன் விட்டார். மேனேஜர் பரசுராமன் ஏஞ்சலினைக் கூப்பிட்டு, "தண்ணி சமாச்சாரம். இனிமே இது உன் பொறுப்புமா" என்றார்.

தொட்டியைப் பார்த்தபோது அவளுக்கு அது செத்த தண்ணீராகத்தான் பட்டது. வாசனை இல்லை, கலங்கல் இல்லை. புதுக் கழிவுத் தொட்டி ஓடத் தொடங்கும்போது சாணிக் கரைசலும் வெல்லமும் போடுவது அவர்கள் வழக்கம். வெல்லத்தைத் தின்று நுண்ணுயிர் பெருகும். சாணியை முன் அலுவலகத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. ஆகவே இரண்டாவது வாரம், யாரிடமும் சொல்லாமல், ஒரு கை வெல்லத்தைப் பொடித்துப் போட்டாள்.

நுண்ணுயிர் பெருகத்தான் செய்தது. கழிவுத் தொட்டியில் காற்று ஊத ராட்சத மோட்டார் இருந்தது. இங்கே கட்டைவிரல் அளவு பம்பு. மறுநாள் காலை தண்ணீர் நீர்மோராக வெளுத்திருந்தது. மீன் இரண்டு மல்லாந்து கிடந்தன; மூன்றாவது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ரிசப்ஷனில் உட்காரும் மோனிகாதான் முதலில் பார்த்தாள். "அக்கா, ஓடியாக்கா! இன்னாக்கா இது, பூரான் மாதிரி கீது? மீனைத் தின்னுக்கினு கீதுக்கா!"

விரல் நீளத்தில் செம்புநிறப் புழு ஒன்று, இரண்டு பக்கமும் வெள்ளை முள்மயிர் சிலிர்க்க, செத்த மீனின் வயிற்றில் வாய் வைத்திருந்தது. மோனிகா போனில் படம் எடுத்துக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மத்தியானத்துக்குள் தீர்ப்பு ஆகிவிட்டது. புழு மீனைக் கொன்றுவிட்டது.

ஏஞ்சலின் அப்போது வாயைத் திறக்கவில்லை. குற்றம் தானாகவே ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. புழு எழுந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

ஆனால் அன்றைக்கே ஒரு பீக்கரில் அந்தப் புழுவை எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போனாள். பயத்தினால் போனாளா, நேர்மையினால் போனாளா என்று சொல்வது கடினம். பெரும்பாலும் இரண்டும் ஒரே நடைதான் நடக்கின்றன. போனில் தேடினாள். முள்புழு. செத்ததைத் தின்று கல்லைச் சுத்தம் செய்வது. உயிருள்ள மீனைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்குக் கிடையாது. அதைத் திரும்பக் கொண்டுபோய்த் தொட்டியிலேயே விட்டாள்.

அதன் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தெளிந்தது. மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் படர்ந்தது. பெருக்க வந்தவர்கூட "துரு பிடிச்சிக்கினு கீது" என்றார். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கண்ணாடி ஓட்டுக்குள் சின்னச் சின்ன ஓடங்கள், துடுப்பில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன. டயாட்டம் பாசி. புதுத் தொட்டியில் முதலில் வரும், தானே போகும். கண்ணாடியில் கடுகளவு வெள்ளைச் சுருள்கள் ஒட்டியிருந்தன. நத்தைக் குஞ்சு என்று நினைத்தாள். லென்ஸ் வைத்தபோது ஒவ்வொரு சுருளின் வாயிலிருந்தும் விசிறி போல ஏதோ விரிந்து, நிழல் பட்டதும் உள்ளே போனது. குழல்புழு. கல்லிடுக்கில் பச்சை மயிர்ப்பாசி நீண்டது. அதற்கு உரம் போட்டது தன் வெல்லமும் இரண்டு மீன்களும்தான் என்று அவளுக்குத் தெரியும். கையாலேயே பிடுங்கினாள்.

எல்லாம் நல்லதும் இல்லை. ஒரு கல்லில் பழுப்புநிறத்தில் சின்னப் பூ மாதிரி ஒன்று இருந்தது. பக்கத்தில் போன நத்தையைக் கொட்டியது. அதன் பெயரையும் கண்டுபிடித்தாள்: கொட்டும் கடல்சாமந்தி, ஒன்று இருந்தால் நூறாகும். அந்தக் கல்லை மட்டும் எடுத்து வெயிலில் காயவைத்தாள்.

வாடிக்கையாளர்கள் திங்கட்கிழமை வருவதாக உறுதியானது. வெள்ளிக்கிழமை பரசுராமன் ஸ்டீவனை வரவழைத்தார்.

ஸ்டீவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "புழு பூந்துட்சி சார். ஹைப்போ ஊத்தி மொத்தமா கொன்னுட்டு, பிளாஸ்டிக் பவளம் வெச்சி, புது மீன் வுட்டா நாளைக்கே பளபளன்னு ஆயிடும்."

ஹைப்போ என்பது கிருமி கொல்லும் குளோரின் கரைசல். ஸ்டோரிலிருந்து ஒரு கேன் வெளியே வரவேண்டுமானால் சீட்டில் ஏஞ்சலின் கையெழுத்துப் போடவேண்டும். தெரியாமல் கழிவுத் தொட்டியில் கலந்தால் அத்தனை நுண்ணுயிரும் சாகும் என்பதற்காக வந்த ஏற்பாடு. பரசுராமன் சீட்டை நீட்டினார்.

"போட மாட்டேன் சார்."

"இன்னாது?"

"புழு ஒண்ணும் பண்ணல. செத்த மீனைத்தான் தின்னுச்சி."

ஸ்டீவன் சிரித்தார். "மேடம், இருபது வருசமா இதே தொழில்ல கீறேன். நீங்க சாக்கடைத் தண்ணி பாக்கறவங்க."

"ஆமா, சாக்கடைதான் பாக்கறேன். அதான் குனிஞ்சி பாக்கத் தெரியுது. அந்தக் கண்ணாடில வெள்ளையா ஒட்டிக்கினு கீதே, அது இன்னா, சொல்லுங்க."

ஸ்டீவன் பார்த்தார். "அழுக்கு."

"அது கால்சியம் குழாய்க்குள்ள இருக்கற புழு. உங்க பண்ணைக் கல்லுலதான் வந்திச்சி. உங்க சரக்கே உங்களுக்குத் தெரில."

மோனிகா ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பரசுராமனின் குரல் ஏறியது. "அப்ப மீனை யாரும்மா கொன்னது? காத்தா?"

இதுதான் அவள் இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்ட கேள்வி. 'தெரியாது சார்' என்று ஒரு வார்த்தை போதும். அடுத்த மாதம் வரவிருந்த சூப்பர்வைசர் பதவிக்கான பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

"நான்தான் சார். வெல்லம் போட்டேன்."

"இன்னா போட்ட?"

"வெல்லம். ஒரு கை. நம்ம டேங்குக்குப் போடற மாதிரி போட்டுட்டேன். காத்து பத்தாம மீன் செத்துச்சி. தப்பு என்னுது. அதுக்கு அதுங்கள எதுக்குக் கொல்லணும்?"

ஸ்டீவன், "வெல்லமா? பொங்கலா வெச்சீங்க?" என்றார். பரசுராமனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ போடலன்னா நான் போட்டுக்கறேன் கையெழுத்து."

"போட்டுக்கங்க சார். ஆனா ஹைப்போ கலந்த முந்நூறு லிட்டர் உப்புத் தண்ணி எங்க போவும்? இந்த வாஷ்பேசின் வழியா நேரா என் டேங்குக்குத்தான். திங்கக்கெழம அவங்க பின்னாடி சுத்திப் பாக்க வரும்போது டேங்கு நாறும். அப்ப சீட்டுல யாரு பேரு கீதுன்னு பாப்பாங்க."

பரசுராமன் நீட்டிய சீட்டை இழுத்துக்கொண்டார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்காக அவர் பின்வாங்கவில்லை. சீட்டில் தன் பெயர் இருக்கும் என்பதற்காகப் பின்வாங்கினார். உலகத்தில் பல உயிர்கள் இப்படித்தான் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். ஸ்டீவன் தன் பிளாஸ்டிக் பவளப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"திங்கக்கெழம அவங்க இதெல்லாம் இன்னான்னு கேட்டா?"

"என்னைக் கூப்புடுங்க, சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றார் பரசுராமன்.

சனிக்கிழமை காலை மெமோ வந்தது. அனுமதியின்றி மீன்தொட்டியில் வெல்லம் இட்டு இரு மீன்கள் இறக்கக் காரணமானதற்கும், மேலதிகாரியின் உத்தரவை மறுத்ததற்கும் எழுத்துமூலம் விளக்கம் தரவும். ஏஞ்சலின் பரசுராமனின் மேசை அருகிலேயே நின்றுகொண்டு பதில் எழுதினாள். வெல்லம் இட்டது உண்மை. மீன்கள் இறந்தது அதனால். கையெழுத்திட மறுத்ததும் உண்மை; திரும்பக் கேட்டாலும் மறுப்பேன்.

பரசுராமன் இரண்டு முறை படித்தார். "மன்னிப்புன்னு ஒரு வார்த்த இல்லியே?"

"மீனுங்ககிட்ட கேட்டுட்டேன் சார். புழுகிட்டயும் கேட்டுட்டேன். வேற யார் கிட்ட கேக்கணும்?"

அவர் காகிதத்தை ஃபைலில் செருகினார். சூப்பர்வைசர் பட்டியலில் அந்தக் கணத்திலேயே ஒரு பெயர் குறைந்துவிட்டது இருவருக்கும் தெரியும். ஏஞ்சலின் நகரவில்லை.

"இன்னா இன்னும்?"

"எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும் சார், நாளைக்கு யாராச்சும் புழுதான்னு சொன்னா காட்டறதுக்கு. சீல் வெச்சிக் குடுங்க."