லப்புக்கும் டப்புக்கும் நடுவில்

ஒரு மாணவியின் நோயுள்ள இதயத்தை வகுப்புக்குப் பாடமாகக் காட்டினேன். அந்தப் பெண்ணின் வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்தேன். ஆய்வகத்தில் பார்மலினில் ஊறிய ஓர் ஆட்டு இதயமும் கிழிந்த படங்களும்தான். எப்படியோ ஒரு ஸ்டெதாஸ்கோப் கிடைத்ததும், மாணவிகளை ஒருத்தி முதுகில் மற்றொருத்தி வைத்துக் கேட்கச் சொன்னேன். குரும்பலூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தியிடம் மட்டும் இதயத் துடிப்பின் லப்புக்கும் டப்புக்கும் நடுவில், சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவதுபோல் ஒரு சீறல்.

இடது கீழறை சுருங்கும்போது வால்வு இறுக மூடாவிட்டால் ரத்தம் மேலறைக்கே திரும்பும். அதன் ஓசை அது. புத்தகத்தில் மட்டுமே படித்திருந்ததைக் காதால் கேட்ட மகிழ்ச்சியில், எல்லா மாணவிகளையும் வரிசையில் நிறுத்திக் கேட்க வைத்தேன்.

"ஏன் சார், மத்தவங்களுக்கு இப்படிக் கேக்காதுங்களா?"

"உன்னோடது தனி ரகம்மா."

அவளும் சேர்ந்து சிரித்தாள். வகுப்புப் பையன்கள் அன்றே அவளுக்குப் 'பஞ்சர்' என்று பெயர் வைத்தார்கள். செய்முறைத் தேர்வு முடியட்டும், அவள் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மாடிப்படியில் அவள் நின்று நின்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தை மாதம் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். கரும்பு வெட்டும் கூலியான அவள் அப்பாவோடு நானும் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடாமல் ஊசி போட வேண்டும், பிரசவம் ஆபத்து என்றார் டாக்டர்.

வராந்தாவில் அப்பா கேட்டார். "ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் சார்?"

"ஆடியிலேர்ந்து."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசிக்கு நானும் என் மனைவியுமே அவளை அழைத்துப் போனோம். சில முறை நடந்தது. அதற்குள் திருமானூர்ப் பக்கத்து வரன் ஒன்று, 'பஞ்சர்' கதை காதுக்கு எட்டிக் கலைந்தது. அடுத்த முறை போனபோது அப்பா வாசலிலேயே மறித்தார்.

"நீங்க கூட்டிட்டு பஸ் ஏறுனாலே ஊருக்குத் தெரிஞ்சுபோவுது. இனிமே வராதீங்க. அரியலூர்ப் பக்கம் ஒரு எடம் பாத்திருக்கேன். அவங்ககிட்ட வாயத் தொறந்துடாதீங்க, ஒங்க கால்ல வேணா வுழுவுறேன்."

"ஊசிய நிறுத்துனா உசிருக்கே ஆபத்துங்க."

"ஊசி போடுற பொண்ண எவன் சார் கட்டிக்குவான்?"

ஊரில் அவள் நோய்ப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான். எந்த முகத்தோடு மறுத்துப் பேசுவது? கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறினால் போய்விடலாம். போகவில்லை.

முதல் பிரசவத்தில் மூச்சுத் திணறி இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. துக்கத்துக்குப் போனேன். பேரனைத் தோளில் போட்டபடி அப்பா என்னருகே வந்தார்.

"நீங்களாவது அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

நீங்கள்தானே சொல்ல வேண்டாம் என்றீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.