மொட்டைமாடிக் குடைக்காரர்

"வந்துச்சா?"

மொட்டைமாடியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிஷ்ஷை மயிரிழை திருப்புகிறார் குடைக்காரர். கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து டிரைவரின் மனைவி தலையை நீட்டி, "இல்லண்ணே!" என்கிறார். சிக்னலை அளக்கும் கருவி பைக்குள் சும்மா கிடக்கிறது. "மெஷின் ஆயிரம் சொல்லும். பாக்குறவங்க வாயால வந்துடுச்சுன்னு சொல்லணும், அப்பதான் ஸ்பேனரைக் கீழ வைப்பேன்" என்பது அவர் கொள்கை.

மல்லாந்த குடை போலிருக்கும் டிஷ்ஷால் வந்த பெயர் அது. பத்தடி அகலக் கம்பிவலைத் தட்டை ஆறு பேர் முக்கி முனகி மாடியேற்றிய காலத்தில் தொழிலுக்கு வந்தவர். "அப்ப ஒரு தட்டு, தெருவே உக்காந்து பாத்துச்சு. இப்ப வீட்டுக்கு ஒண்ணு, நானூறு சேனல். பக்கத்து வீட்டுல இருக்கானா செத்தானான்னு ஒருத்தனுக்கும் தெரியல" என்று தன் பிழைப்பையே திட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஏணியைத் தூக்குவார்.

பதினோரு நாளாக டிரைவர் வீட்டு டிவியில் படமில்லை. மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் டிஷ்ஷைக் கழற்றி வைத்து, வேலை முடிந்ததும் "இருந்த மாதிரியே" மாட்டிவிட்டார்களாம். இதைக் கேட்டதும் குடைக்காரருக்கு வந்ததே கோபம்! மாடிச் சாவியை வைத்திருக்கும் குடியிருப்புச் செயலாளரிடம் பொரிந்து தள்ளினார். "பூந்தொட்டியா சார் இது, தூக்கி வச்சாப் போச்சுன்னு விட? இங்க ஒரு விரக்கடை திரும்பினா மேல சாட்டிலைட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளிப் போயிடும்!"

செயலாளர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டிவிதானேப்பா, அப்படி என்ன அவசரம்?" என்றார்.

டிவிதானாம்! முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர், முதுகில் அடிபட்டு நான்கு வருடமாகப் படுத்த படுக்கை. பனிமலைச் சாலையில் லாரிகள் போகிற நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. எங்கோ ஒருவன் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் இவர் கட்டிலில் கிடந்தபடி, "டேய் மடையா, செகண்ட் கியரைப் போடுடா!" என்று கத்துவது சுவரைத் தாண்டி என் வீட்டுக்குக் கேட்கும். பதினோரு நாளாக அந்தச் சத்தம் இல்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தார், சாப்பாட்டைக்கூடப் பாதியில் தள்ளிவிட்டாராம். மூன்று முறை புகார் கொடுத்தும் டிஷ் கம்பெனியிலிருந்து ஓர் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இன்று வேறு வேலைக்காகத் தெருவில் போன குடைக்காரரை, அதே கம்பெனி ஆள்தானே என்று டிரைவரின் மனைவிதான் மறித்துக் கூட்டிவந்தார்.

"இப்ப?"

"வந்துடுச்சுண்ணே! வந்துடுச்சு!"

குடைக்காரர் மூச்சிரைக்க இறங்கி வந்து கட்டிலருகே நின்றபோது அவர் போன் அடித்தது. கம்பெனி அலுவலகம். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க லொகேஷன் ஒரு மணி நேரமா அங்கேயே காட்டுது. அது உங்களுக்குக் கொடுத்த வேலையே இல்ல. அந்தப் புகாரை மூணு தடவையும் முடிச்சாச்சு."

"யாரும்மா வந்து முடிச்சது?"

"வீட்ல ஆள் இல்லைன்னு போட்டிருக்கு சார்."

குடைக்காரரின் முகம் சிவந்தது. "படுத்த படுக்கையா கெடக்குற மனுஷன்மா. எங்க போயிருப்பாரு, வாக்கிங்கா?"

"சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு சார். உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு வார்னிங். உடனே கிளம்பலைன்னா ஐடியை நிறுத்திடுவாங்க. நாளையிலேர்ந்து வேலை கிடையாது."

டிவியில் ஒரு லாரி வளைவில் திணறிக்கொண்டிருந்தது. குடைக்காரர் போனில் ஒட்டியிருந்த பெயிண்ட் தூசியைச் சட்டையில் துடைத்தார். கட்டிலோரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, போனை டிரைவரின் வாயருகே பிடித்தார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே."