கறுப்பாய் வந்த வேப்பங்குழை

அந்த வேப்பங்குழை கறுப்பாய் மேலே வந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உள்ளே போகும்போது நல்ல பச்சை. வெளியே வந்தபோது இலையெல்லாம் தார் பூசியதுபோல் ஒட்டிக்கிடந்தது. பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தது. அத்தான் அதை ஒருதரம் உதறிவிட்டு மறுபடியும் தொட்டிக்குள் இறக்கினார். நான் மண் தோண்டும் பெக்கோ மெஷினில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். புதுக்குடியிருப்பைச் சுற்றி அவர் இறங்காத கிணறு குறைவு. வாயும் கொஞ்சம் பெரிது. அவர் இருக்கும் இடத்தில் வேறு ஆள் கதைக்க ஏலாது. கிணற்றுக் கட்டில் நின்றால் மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். பாழடைந்த கிணறென்றால் முதலில் வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, மேலும் கீழும் அடித்து, அடியில் கிடக்கும் கெட்ட காற்றைக் கலைப்பார். பிறகு அதே கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டுவார். எங்கள் பக்கத்தில் கிணறு இறங்குகிற எல்லாரும் செய்கிற வேலைதான். "காத்தோட விளையாடக்கூடாது மச்சான், அது கண்ணுக்குத் தெரியாது" என்பார்.

சில வருஷங்களுக்கு முன், யுத்தத்தோடு கைவிடப்பட்ட, பெற்றோல் அடிக்கும் செட் ஒன்றின் பழைய நிலத்தடித் தொட்டியைத் தூக்கும் வேலை வந்தது. மேல்மண்ணை நான் மெஷினால் விலக்கிவிட்டேன். உள்ளே சேறும் பழைய எண்ணெயும் கட்டிக்கிடந்தன. அந்தப் பாரத்தோடு தூக்கினால் சங்கிலி அறும், இறங்கி அள்ள ஆள் வேண்டும் என்று, வேலையைப் பொறுப்பெடுத்த கொந்திறாத்துக்காரர் அத்தானைக் கூப்பிட்டார். கிணறு இறங்குகிறவருக்கு இது என்ன பெரிய வேலை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முகமூடி, காற்றடிக்கும் மெஷின் என்று ஒரு மண்ணும் அங்கே இல்லை.

அத்தான் கிணற்றுக்குச் செய்வதையே தொட்டிக்கும் செய்தார். கிணற்றுக்கு வாய் அகலம், கலைந்த காற்று மேலே போய்விடும். தொட்டிக்கோ ஒரு ஆள் நெருக்கிக்கொண்டு நுழையும் வாய்தான். குழை அடித்த அடியில் சேறு கலங்கி, அதற்குள் அடைந்துகிடந்த நச்சு ஆவியெல்லாம் கிளம்பியிருக்கிறது. போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. பிறகுதான் இது எங்களுக்கு விளங்கியது.

கயிறும் எண்ணெய் பிடித்து வழுக்கியது. அதைக் குழையோடு ஒரு பக்கம் எறிந்தார்.

"அத்தான், கயிறு?" என்று மெஷினிலிருந்து கத்தினேன்.

"என்னடாப்பா, இது கிணறே? ஆள் உயரம்தானே! எட்டிப் பிடிச்சு ஏறி வருவன்."

சிரிப்போடு தலை உள்ளே போனது. ஒரு வாளி சேறு மேலே வந்தது. அடுத்த வாளிக்குக் குரல் வரவில்லை. நான் பாய்ந்து ஓடிப்போய்க் காலை உள்ளே விட்டுவிட்டேன். கொந்திறாத்துக்காரர் என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து விழுத்தினார். "விசரா, நீயும் சாகப்போறியே?" அந்த மனிசனில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் நான் இருப்பது அந்த இழுவையால்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொழுக்கியை வாங்கிவந்தோம். ஊராருக்கு அப்படி எத்தனை வாளி எடுத்துக் கொடுத்த மனிசன்! அவரையும் அப்படித்தான், பெல்ட்டில் கொழுவி எடுத்தோம். பல தரம் நழுவியது. ஐயோ, இடுப்பில் அந்தக் கயிறு மட்டும் இருந்திருந்தால் உடனே இழுத்தெடுத்திருப்போமே! மேலே வந்தபோது மூச்சில்லை.

போன கிழமை பூநகரியில் இன்னொரு தொட்டி தூக்கினோம். காற்றை அளக்கிற ஒரு சின்னப் பெட்டியை அதன் வாய்க்குள் இறக்கினார்கள். அது கீச்சிட்டது, உள்ளே நச்சுக்காற்று என்று ஒருவரையும் கிட்ட விடவில்லை. கைக்குள் அடங்குகிற பெட்டி. நான் மெஷினுக்குள் இருந்து அழுதேன்.

மறுநாள் அக்கா வீட்டில் கிணறு இறைத்தார்கள். சேறு அள்ள வந்தவர் நேரே இறங்கப் போனார். அக்கா விடவில்லை. தானே வேம்பில் குழை முறித்துக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டு அடித்தாள்.

"அக்கா, இன்னும் இதை நம்புறியளே?"

"கிணத்துக்கு இது சரிதான் தம்பி. அவருக்குத் தெரிஞ்சதை அவர் செய்தவர். கயித்தைத்தான் விட்டிட்டார்."

குழை பச்சையாகவே மேலே வந்தது. அக்கா அதை அவிழ்த்து, கயிற்றை வந்தவரின் இடுப்பில் கட்டினாள். முடிச்சுப் போட்டபிறகும் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"இறுகுது அக்கா" என்றார் அவர்.

"இறுகட்டும்."