கூட்டல் குறி போட்ட முகவரி

“பதினாலு ஈமெயில் வச்சிருக்காளாம்ல, ஆளுக்கு ஒண்ணா?” என்று குழாயடியில் சிரித்தாள் சந்தனம்மாள்.

“யாருடி எண்ணிப் பாத்தது? ஒண்ணே ஒண்ணுதான்டி. வாயக் கொப்பளிச்சிட்டுப் பேசு” என்றேன்.

எனக்குக் கைநாட்டுத்தான். ஆனால் எங்கள் தெரு வேல்விழிக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஓடைப்பட்டியில் வைகுண்டராஜின் திராட்சை மண்டியில் நான் குலையிலிருந்து அழுகல் பழத்தைக் கத்தரிப்பவள். அவள் உள்ளே கம்ப்யூட்டர் வேலை. மண்டிக்கென்று ஒரு ஈமெயில்கூடக் கிடையாது. அவளுடைய சொந்த ஈமெயிலில்தான் அவ்வளவு வியாபாரமும் ஓடியது.

முகவரி ஒன்றுதான். தன் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்ப்பாள். லாரிக்காரருக்கு ஒரு சொல், கொச்சி வியாபாரிக்கு ஒரு சொல். வருகிற கடிதம் அந்தச் சொல்லைப் பார்த்துத் தனித்தனியாகப் பிரிந்துகொள்ளும்.

“பெட்டியில தோட்டத்துக்கு ஒரு பெயிண்டுக் குறி போடுறோம்ல அப்பத்தா, அது மாதிரி” என்றாள். அதற்குமேல் எனக்கு விளக்க வேண்டுமா? அழுகல் வந்தால் எந்தத் தோட்டத்துப் பழம் என்று குறியே காட்டிவிடும்.

வேலைக்கு மனுக் கொடுத்தபோது ‘மண்டி’ என்று சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். வேறு ஒருவருக்கும் அதைக் கொடுக்கவில்லை. சித்திரை மாதம் அந்த முகவரிக்கே முகம் தெரியாத ஆண்கள் எழுதினார்கள். போட்டோ பார்த்தோம், பிடித்திருக்கிறது, எப்போது பார்க்கலாம் என்று. மனுவில் ஒட்டியிருந்த போட்டோ!

“எம் மனுவ யாருக்கு அனுப்புனீக?” என்று முதலாளியிடம் கேட்டாள்.

“நான் எதுக்குத் தாயி அனுப்புறேன்?”

கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். “இந்தக் குறி போட்டு ஒங்களுக்கு மட்டும்தான் குடுத்தேன்.”

மனுஷன் முகம் செத்துப்போயிற்று. “மச்சினன் கல்யாணத் தரகு ஆபீஸ் வச்சிருக்கான். வயசுப் பிள்ளைக்கு நல்லதுதான செஞ்சேன்?”

“என்னையக் கேட்டீகளா?”

அவ்வளவுதான், கத்த ஆரம்பித்துவிட்டார். “பொட்டப்பிள்ளைக்கு எதுக்குடி இத்தனை முகவரி? பாஸ்வேர்டக் குடுத்துட்டு வேலையப் பாரு. இல்லைனா கெளம்பு!” பதினாலு என்று ஊருக்குள் பரப்பிவிட்டதும் அவர்தான்.

அவள் வீட்டுக்கு அந்தச் சம்பளம் ஒன்றுதான் வரவு. எல்லோருக்கும் தெரியும். ஐந்து லோடுமேன்கள் நின்றார்கள், ஒருவனும் வாய் திறக்கவில்லை. கத்தரிக்கோலும் கையுமாக நானும் சும்மாதான் நின்றேன். அந்த ஆத்திரம் எனக்கு என்மேலேயே இன்னும் ஆறவில்லை.

“ஒங்க மச்சினன் ஆபீஸ்ல இருந்து எம் போட்டோவ நாளைக்குள்ள எடுக்கணும். எடுக்கலைனா ஸ்டேஷனுக்குப் போவேன்” என்றாள். சோற்றுத் தூக்கை எடுத்தாள். பின்வாசல் பக்கத்திலேயே இருந்தும், எங்கள் எல்லோரையும் தாண்டி, ரோட்டைப் பார்த்த பெரிய வாசல் வழியாகவே இறங்கிப் போனாள்.