ஏழுமலை வளைத்த ஃபோர்க்

காலை ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தில் நின்றபோது, ஏறிய ஒருவர் என் காதருகே குனிந்து சொன்னார்: "ஏழுமல போய்ட்டாம்பா. ஹார்ட் அட்டாக்." எனக்கு முதலில் பயம்தான் வந்தது. அவனிடம் சொன்ன ஒரு பொய்யை அவனிடமே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இனி முடியாது.

கேன்டீன் நண்பர்களே, அவனை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அவன் மெயின்டெனன்ஸில் வெல்டர், நான் குவாலிட்டி. பதினைந்து வருடமாக ஒரே பஸ், ஒரே கேன்டீன் மேசை. லீவு கிடைத்தால் மூட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் நெடுந்தூரம் கிளம்பும் கிறுக்கு எங்கள் இருவருக்கும் உண்டு. என் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அவனே செய்து தந்தான். அது வழக்கத்தைவிட அதிகமாக முன்னால் வளைந்திருந்தது. "இன்னாடா, மூக்கு நீண்டுட்ட மாதிரி கீது?" என்றேன்.

அவன் பார்ட்ஸ் ட்ராலியை இழுத்துக் காட்டினான். "இந்தச் சக்கரம் பின்னாடியே இழுபட்டு வருது பாரு, அதான் நேரா வருது. சைக்கிள்லயும் ஹேண்டில் தண்டுக்கு நேரா ஒரு கோடு போட்டா, அது தரையில படற எடத்துக்குக் கொஞ்சம் பின்னாலதான் டயர் தொடும். வளைவ ஜாஸ்தி பண்ணா அந்த எடவெளி கொறையும், ஹேண்டில் லேசாயிடும். முன்னாடி மூட்ட வெச்சா அதான் சொகம்." பிறகு விரலை ஆட்டிச் சொன்னான்: "பின்னால மட்டும் ஏத்திக்கினு போயிடாதபா, ஹேண்டில் ஆடும்."

பின்னால்தான் ஏற்றினேன். சின்ன வயதிலிருந்து கேரியரில் கட்டிப் பழகிய கை. ஏலகிரி இறக்கத்தில் ஹேண்டில் கிடுகிடுவென ஆடி, முழங்கை தோல் உரிய விழுந்தேன்.

திங்கட்கிழமை ஃபோர்க்கைக் கழற்றிக் கேன்டீனுக்கே கொண்டுபோனேன். கழிக்க வேண்டிய பாகத்தில் நாங்கள் கட்டும் சிவப்பு டேகை அதில் கட்டி, காரணம் என்ற கட்டத்தில் 'வளைவு தவறு' என்று எழுதி, அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் கேட்டான்: "மூட்டைய எங்க கட்டன?" பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீ சொன்ன மாதிரி முன்னாலதான்" என்றேன்.

அவன் டேகைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனிடம் ஃபோர்க் கேட்டிருந்த மூன்று பேருக்கும் அப்புறம் செய்து தரவே இல்லை. என்னுடையது பரணுக்குப் போனது.

போன வருடம் ஏதோ வீம்பில் அதை மறுபடி மாட்டி, மூட்டைகளை முன்சக்கரத்தின் இரு பக்கமும் கட்டி, வாலாஜாபாத் வரை ஓட்டினேன். ஒரு கையால் பிடித்தாலும் அலையாமல் போனது. அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

சாவு வீட்டில் அவன் மனைவி என் முழங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆறிடுச்சாண்ணா? 'என்னாலதான் அவன் வுழுந்தான்'னு சொல்லிகினே இருந்தாரு. 'அவன் செக் பண்ணிச் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னுவாரு."

அந்த ஃபோர்க் இப்போது என் சைக்கிளில்தான் இருக்கிறது. அவனுடையதென்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அன்று கேன்டீனில் சிரித்த நண்பர்களே, அவன் வளைத்தது சரி. நான்தான் பொய் சொன்னேன். உங்கள் பத்துப் பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அவன்தான் அது தெரியாமலே போய்விட்டான்.